கரண்ட் போனாலும் கோ மொழி படிக்க: ரங்கூனில் ஓர் ஆஃப்லைன் தொகுப்பு அமைத்த பதிவு

ரங்கூனில் புதிதாக ஒரு நிரல்மொழி கற்க உட்காருகிறவருக்கு, எந்தத் தளம் நல்லது, யாருடைய வீடியோ நல்லது என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. லைன் போன பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் முதல் கேள்வி. கோடையில் அணைகளில் தண்ணீர் இறங்க இறங்க கரண்ட் நேரமும் சுருங்கும். கரண்ட் போனால் வைஃபையும் போகும். அப்போது மொபைல் டேட்டாவில் வீடியோ ஓட்டினால் காசு கரையும். அதனால் பாடப்பொருள் எதுவானாலும் இரண்டு சோதனைகள் வைத்தோம். நெட்டை அணைத்துவிட்டு ஒரு வாரம் அதை வைத்தே படிக்க முடிகிறதா? தப்பாக எழுதினால், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலே, அது தப்பு என்று சொல்கிறதா? இரண்டிலும் தேறியவை மட்டும் தொகுப்பில் ஏறின. பேர்போன பலவும் இதில் கழிந்துவிட்டன.

கோயில் தமிழ் வகுப்புக்கு வந்துபோகும் பெரிய பிள்ளைகள், கடைக் கணக்கு எழுதும் இளைஞர்கள் ஆகியோருக்கான தொகுப்பு இது. வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், மேல்வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தில் கட்டுரை படிப்பது மெதுவாகத்தான் நடக்கும், நிரலைப் படிப்பது அப்படியல்ல. ஆகவே வாக்கியம் குறைவாகவும் ஓடும் நிரல் அதிகமாகவும் இருப்பவற்றுக்கே முதலிடம்.

கோ மொழியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் நிறுவல்தான். ஜிபி கணக்கில் போகாத ஒரே கோப்பில் கம்பைலர் (எழுதிய நிரலை ஓடக்கூடியதாக மாற்றும் கருவி), சோதனைக் கருவி, வடிவமைப்புக் கருவி, நிலையான நூலகம், அதன் மூலநிரல், ஆவணம் எல்லாம் வந்துவிடும். சி கம்பைலரோ வேறு லிங்கரோ தனியாகத் தேவையில்லை. விண்டோஸில் ரஸ்ட் கற்க வழக்கமான வழியில் போனால், மைக்ரோசாஃப்ட் பில்ட் கருவிகளுக்கே சில ஜிபி இறக்க வேண்டும். இங்குள்ள லைனில் ஒரு ராத்திரி அதற்கே போய்விடும்.

கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். கோடூல்செயின், கோபிராக்சி போன்ற சூழல் மாறிகளை மட்டும் முழுக்கப் பேரெழுத்தில், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு

முதலில் கணினிகளைப் பாருங்கள். 64 பிட் லினக்ஸோ விண்டோஸ் 10-ஓ இருந்தால் புதிய பதிப்பையே போடலாம். விண்டோஸ் 7 அல்லது 8 ஓடும் பழைய லேப்டாப் என்றால் கோ 1.20-தான் கடைசி. 1.21 முதல் விண்டோஸ் 10-க்குக் கீழே ஆதரவு கிடையாது. 1.20-இல் ஜெனரிக்ஸ் (ஒரே செயற்கூறைப் பல வகைத் தரவுக்கும் எழுதும் வசதி) உண்டு, அடிப்படை கற்க அது தாராளம். ஆனால் ஒரே வகுப்பில் பாதிப் பேரிடம் 1.20, மீதிப் பேரிடம் புதியது என்றால் லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் நிரல்பகுதி) பாடத்தன்று குழப்பம் வரும். அது பின்னால் வருகிறது.

கோ ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், புதுப் பதிப்பு விடுகிறது. எல்லாருக்கும் ஒரே பதிப்பைப் போட்டு ஆறு மாதம் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இறக்குவதற்கு பிரவுசரை நம்பாதீர்கள். டபிள்யூகெட் கருவியை சி கொடியோடு (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் விருப்பக்குறி) ஓட்டினால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். இறங்கியதும் அதன் ஷா256 எண்ணை (கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பதிவிறக்கப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த கோப்பு சில நேரம் முழுசாக விரிந்ததுபோலவே தோன்றும், பிறகு எங்கோ ஒரு பொதி (நூலகத்தின் ஒரு நிரல்தொகுதி) காணவில்லை என்று கம்பைலர் புலம்பும். லினக்ஸில் பழைய கோ அடைவை அழித்துவிட்டுத்தான் புதியதை விரிக்க வேண்டும். மேலேயே விரித்தால் இரண்டு பதிப்புகளின் கோப்புகளும் கலந்து நிலையான நூலகமே கம்பைல் ஆகாது.

1.20-இலிருந்து நிலையான நூலகம் முன்கூட்டியே கம்பைல் செய்யப்பட்டு வருவதில்லை. அதனால் முதல் ஓட்டம் பழைய லேப்டாப்பில் இழுவையாக இருக்கும், மாணவர் கணினி தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுவார். கரண்ட் இருக்கும்போதே 'கோ பில்ட் எஸ்டிடி' என்று ஒருமுறை ஓட்டி கேஷை (கம்பைல் ஆனவற்றைச் சேமித்துவைக்கும் இடம்) நிரப்பிவையுங்கள்.

தொகுப்பில் ஏறியவை

முதல் பொருள் நிறுவலிலேயே இருக்கிறது, பலர் திறந்தே பார்ப்பதில்லை. 'கோ டாக் ஸ்டிரிங்ஸ்.ஃபீல்ட்ஸ்' என்று அடித்தால் அந்தச் செயற்கூறின் விளக்கம் டெர்மினலில் வரும். எஸ்ஆர்சி கொடியைச் சேர்த்தால் அதன் மூலநிரலே வரும். நெட் வேண்டாம். கூடவே நிறுவல் அடைவின் டாக் உள்ளடைவில் மொழியின் வரையறை ஹெச்டிஎம்எல் கோப்பாக இருக்கிறது. முதல் மாதம் அதைத் தொட வேண்டாம். 'இது ஏன் இப்படி?' என்று வாக்குவாதம் வந்தால் தீர்ப்பு அங்கேதான்.

அதைவிட மதிப்புள்ளது, மூலநிரல் அடைவில் பல பொதிகளோடும் வரும் 'எக்ஸாம்பிள் டெஸ்ட்' கோப்புகள். ஸ்டிரிங்ஸ் பொதியின் கோப்பைத் திறந்தால் செயற்கூறு ஒன்றுக்கு ஒரு சிறு உதாரணம், அதன் கடைசியில் 'அவுட்புட்:' என்று தொடங்கும் குறிப்புரை, அதன்கீழ் எதிர்பார்க்கும் விடை. இது வெறும் விளக்கம் அல்ல, ஓடும் சோதனையும்கூட. ஓர் உதாரணத்தைத் தனி அடைவுக்கு நகலெடுத்து, குறிப்புரையில் உள்ள விடையை வேண்டுமென்றே மாற்றி 'கோ டெஸ்ட்' ஓட்டச் சொல்லுங்கள். 'காட்' என்று கிடைத்ததும் 'வான்ட்' என்று கேட்டதும் மேலும் கீழுமாக வரும். சோதனை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

இரண்டாவது, கோ டூர் என்ற அதிகாரபூர்வ அறிமுகப் பாடம். இதை ஆஃப்லைனில் வைக்க, நெட் உள்ள ஒரு கணினியில் 'கோ இன்ஸ்டால்' கட்டளையால் கோ வெப்சைட் மாட்யூலில் (சேர்த்தே வெளியிடும் பொதிகளின் தொகுப்பு) உள்ள டூர் நிரலை நிறுவுங்கள். பாடங்கள் அந்த நிரலுக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஓட்டினால் பிரவுசரில் 3999-ஆம் போர்ட்டில் திறக்கும். அதே வகைக் கணினிகளுக்கு அந்த ஒரு கோப்பை நகலெடுத்தால் போதும், ஆனால் கோ நிறுவியிருக்க வேண்டும். லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸுக்கும் உருவாக்கலாம்: கோஓஎஸ் மாறியை விண்டோஸ் என்றும் கோஆர்க் மாறியை ஏஎம்டி64 என்றும், 32 பிட் கணினிக்கு 386 என்றும் வைத்து நிறுவினால் 'பின்' என்ற பெயருள்ள அடைவுக்குள் தனி உள்ளடைவில் விழும். கோபின் மாறி ஏற்கெனவே வைத்திருந்தால் இது மறுத்துவிடும், அதை நீக்கிவிட்டுச் செய்யுங்கள்.

டூரை ஒரு கணினியில் ஓட்டி வகுப்பு முழுக்க அதையே பார்க்க வைக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். அனுப்பப்படும் நிரலை அது அப்படியே அந்தக் கணினியில் ஓட்டும், நெட்வொர்க்கில் உள்ள யாரும் அந்தக் கணினிக்குள் கைவைக்கலாம் என்று பொருள். ஒவ்வொரு லேப்டாப்பிலும் தனித்தனியாக நிறுவுவதே முறை. டூரின் சில பயிற்சிகள், அதாவது படம் வரைவது, சொல் எண்ணுவது, மரம் ஒப்பிடுவது, நிலையான நூலகத்தில் இல்லாத ஒரு சிறு மாட்யூலை இழுக்கும். நெட் இருக்கும்போது அவற்றை ஒருமுறை ஓட்டிவைத்தால் மாட்யூல் கேஷில் நிற்கும்.

மூன்றாவது, எக்சர்சிசம் தளத்தின் கோ பயிற்சிகள். கணக்குத் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்க வேண்டியதில்லை. முழுத் தொகுப்பும் கிட் களஞ்சியமாக (மாற்ற வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் இடம்) கிடைக்கிறது, நகலெடுத்துப் பகிர உரிமமும் இடம் தருகிறது. கிட் குளோன் பாதியில் அறுந்தால் தொடராது, முதலிலிருந்துதான் வரும். ஆகவே 'டெப்த் 1' என்று ஆழத்தைக் குறைத்து, பழைய வரலாறு இல்லாமல் எடுங்கள். பயிற்சி விளக்கம் 'டாக்ஸ்' என்றும் மாதிரி விடை 'மெட்டா' என்றும் புள்ளியில் தொடங்கும் அடைவுகளில் இருப்பதால் லினக்ஸ் கோப்பு மேலாளரில் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோல் ஹெச் அடித்தால் தெரியும். விளக்கத்தை வெளியே எடுத்து வையுங்கள். விடை அடைவை மாணவர் பிரதியிலிருந்து அழிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், எங்கள் பிரதியில் அழித்துவிட்டோம். பயிற்சிகள் பெரும்பாலும் நிலையான நூலகத்தோடு முடிவதால் 'கோ டெஸ்ட்' நெட் இல்லாமலே தீர்ப்புச் சொல்லும்.

கோ பை எக்சாம்பிள் தளமும் நிலையான பக்கங்களாக ஆனதால் அப்படியே உள்ளே வந்தது. ஏற்கெனவே வேறு மொழி தெரிந்தவருக்கு அது ஒன்றே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

எஃபெக்டிவ் கோ என்ற அதிகாரபூர்வக் கட்டுரையை இரண்டாம் மாதத்துக்கு ஒதுக்கினோம். 2009-இல் மொழி வெளியானபோது எழுதப்பட்டு, பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படாதது. மாட்யூலும் ஜெனரிக்ஸும் அதில் இல்லை. பெயர் வைப்பது, பிழையைக் கையாள்வது, இன்டர்ஃபேஸ் பற்றிய பகுதிகள் இன்றும் பொன்.

வீடியோக்கள் எதுவும் ஏறவில்லை. ஒரு மணி நேர வீடியோ சில நூறு எம்பி பிடிக்கும், தொகுப்பின் எழுத்துப் பாடம் முழுவதும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. காசுக்கு விற்கும் பாடங்களைப் பென்டிரைவில் நகலெடுத்துச் சுற்ற விடுவதும் வேண்டாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தை நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் நகல் 70 ஜிபிக்கு மேல், அதுவும் தேவைப்படவில்லை. எடுப்பதானால் டோரன்ட்டில் எடுங்கள், சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32-ஆக இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது.

பாடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது

நண்பர்கள் கொண்டுவந்து தரும் பிடிஎஃப், பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் கைநூல் இவற்றில் தேதி இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. நிரலைப் பார்த்தே வயதைச் சொல்லலாம்.

'எல்லா நிரலையும் கோபாத் அடைவுக்குள்தான் வைக்க வேண்டும்' என்று முதல் அத்தியாயம் சொன்னால் அது மாட்யூலுக்கு முந்தையது. மாட்யூல் 2018-இல் 1.11-ஓடு வந்து, 2021 பிப்ரவரியில் 1.16-இல் இயல்புநிலை ஆனது. கருவியை நிறுவ 'கோ கெட்' போடச் சொன்னாலும் ஏறக்குறைய அதே வயது. கோப்பைப் படிக்க ஐஓயூட்டில் பொதியை இறக்குமதி செய்தால் அதுவும் 1.16-க்கு முந்தைய பழக்கம். இன்னும் ஓடும், ஆனால் புதிதாக எழுதுகிறவர் கற்க வேண்டியதில்லை. எந்த வகைக்கும் பொருந்தும் செயற்கூறுக்கு வெற்று இன்டர்ஃபேஸையே காட்டி ஜெனரிக்ஸைச் சொல்லாவிட்டால் 2022 மார்ச்சுக்கு முந்தையது.

இவற்றைவிட நுட்பமான அடையாளம் லூப். மூன்று முறை சுற்றும் ஒரு ஃபார் லூப் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் ஐ என்ற எண்ணியை அச்சிடும் ஒரு செயற்கூறைப் பட்டியலில் சேர்த்து, லூப் முடிந்தபின் மூன்றையும் அழையுங்கள். 1.22-க்கு முன்பு 3, 3, 3 என்று வரும், ஏனென்றால் மூன்று செயற்கூறுகளும் ஒரே ஐ-யைத்தான் பிடித்திருந்தன. 2024 பிப்ரவரியில் வந்த 1.22 முதல் சுற்றுக்கு ஒரு புது ஐ, ஆகவே 0, 1, 2. பழைய பாடங்களில் லூப்புக்குள் முதல் வரியாக ஐ-யை ஐ-யிலேயே மறுபடி அறிவிக்கும் விசித்திரம் இதற்காகத்தான். புதிய கம்பைலர் போட்டும் 3, 3, 3 வருகிறதே என்று ஒருவர் வந்து நின்றால் அவருடைய கோ.மாட் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் கோ வரி 1.18 என்று இருந்தால் அந்த மாட்யூலுக்குப் பழைய நடத்தையே நீடிக்கும். எந்தக் கம்பைலர் என்பதைவிட அந்த வரி எந்த எண் என்பதே இங்கே தீர்மானிக்கிறது. 1.20 வைத்திருக்கும் விண்டோஸ் 7 காரருக்கு எப்படியும் பழைய நடத்தைதான்.

பாடத்தின் தரத்தை அளக்க இன்னொரு கேள்வி: சரங்களை (எழுத்துத் தொடர்களை) எப்படி விளக்குகிறது? 'லென் என்றால் எழுத்துகளின் எண்ணிக்கை' என்று எழுதியிருந்தால் மூடிவையுங்கள். 'ரங்கூன்' என்ற சொல்லைக் கொடுத்தால் லென் 21 என்று சொல்லும். அது பைட் கணக்கு, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு யூடிஎஃப்-8-இல் 3 பைட். ரூனாக, அதாவது யூனிகோடு குறியீடுகளாக, மாற்றி எண்ணினால் 7: ர, ங, புள்ளி, க, ஊகாரக் குறி, ன, புள்ளி. நாம் எண்ணும் எழுத்தோ ர, ங், கூ, ன் என நான்கு. சரத்தைத் திருப்பும் பயிற்சியை ரூன் ரூனாகச் செய்தால் முன்னால் ஒரு புள்ளி அந்தரத்தில் நிற்க, 'னூக்ஙர' என்று ஒரு சொல் பிறக்கும். பைட் பைட்டாகச் செய்தால் கேள்விக்குறிக் கட்டங்கள்தான். ஆங்கில எழுத்தை மட்டும் வைத்து எழுதிய பாடங்களில் இந்த இடம் வழுக்கும். பர்மிய எழுத்துக்கும் இதே 3 பைட் கணக்குதான். கூடுதலாக, பழைய பர்மியக் கோப்புகள் ஸௌஜி எழுத்துருவில் இருந்தால் அதே குறியீடுகளுக்கு வேறு பொருள், நிரலை எழுதும் முன் அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். பைத்தானில் முடியும். கோ மொழியில் 'மரம்' என்று வைத்தால் பிழை வரும். பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் செல்லும், புள்ளியையும் உயிர்க்குறியையும் அது எழுத்தாக ஏற்பதில்லை. சரத்துக்குள் தமிழ் தாராளமாக எழுதலாம்.

நெட் இல்லாமல் உடைவது

முதல் நாளே வரும் பிரச்சினை இது: பயிற்சியின் கோ.மாட் கோப்பில் கணினியில் உள்ளதைவிட உயர்ந்த பதிப்பு எழுதியிருந்தால், 1.21 முதல் வந்த கோ தானாகவே அந்தப் பதிப்பை இறக்கப் போகும். நெட் இல்லாததால் புரியாத ஒரு நெட்வொர்க் பிழையோடு நிற்கும். 'கோ என்வ்' கட்டளையை டபிள்யூ கொடியோடு ஓட்டி, கோடூல்செயின் மாறியை 'லோக்கல்' என்று நிரந்தரமாக வையுங்கள். இனி 'இந்தப் பதிப்பு வேண்டும், இருப்பது இது' என்று நேராகச் சொல்லும். கோ வரியில் எண்ணைக் குறைத்துப் பாருங்கள், தொடக்கநிலைப் பயிற்சிகளில் பெரும்பாலும் ஓடிவிடும்.

வெளி மாட்யூல் தேவைப்படும் நாள் வந்தால், நெட் உள்ள கணினியின் மாட்யூல் கேஷில் 'கேஷ்', அதற்குள் 'டவுன்லோட்' என்ற அடைவை நகலெடுங்கள். அதன் அமைப்பு, மாட்யூல்களை வழங்கும் பிராக்சி சர்வரின் அமைப்பேதான். கோபிராக்சி மாறியில் அந்த அடைவின் ஃபைல் முகவரியைக் கொடுத்தால் கோ அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். கோசம்டிபி மாறியை 'ஆஃப்' செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சரிபார்ப்புக்காக வெளி சர்வரைத் தேடி நிற்கும். 'லேட்டஸ்ட்' என்று கேட்காமல் பதிப்பு எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

எடிட்டரில் விஎஸ் கோடின் கோ நீட்சி திறந்தவுடன், எழுதும்போதே பிழை காட்டும் கோபிஎல்எஸ் கருவியை இறக்கப் பார்க்கும். அதையும் ஒரு கணினியில் நிறுவி நகலெடுக்கலாம். 2 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் அது மூச்சுத் திணறும், அங்கே ஜீனி என்ற எளிய எடிட்டரும் டெர்மினலும் போதும்.

விண்டோஸில் 'கோ டெஸ்ட்' ஒவ்வொரு முறையும் தற்காலிக அடைவில் ஒரு இஎக்ஸ்இ உருவாக்கி ஓட்டும். ஆன்டிவைரஸ் அதைச் சந்தேகித்துப் பிடித்துவிடுவதுண்டு. கோடிஎம்பிடிஐஆர் மாறியால் வேறு அடைவைக் காட்டி, அந்த ஒன்றை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். ஆன்டிவைரஸையே அணைக்க வேண்டாம், பென்டிரைவ் கைமாறும் இடம் இது. லினக்ஸில் பென்டிரைவிலிருந்தே டூரை ஓட்டினால் அனுமதி மறுக்கப்படலாம், வீட்டு அடைவுக்கு நகலெடுத்து இயக்க அனுமதி கொடுத்து ஓட்டுங்கள்.

நெட் வந்த பிறகும் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினால் லைனைத் திட்டுவதற்கு முன் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் முழுக்க சார்ஜ் இறங்கியதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பல மாடல்களில் அது சிஆர்2032 காசு பேட்டரி, சிலவற்றில் வயரோடு வரும். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

பகிர்வதற்குத் தனி சர்வர் வாங்கவில்லை. பேட்டரி இன்னும் ஓரளவு நிற்கும் பழைய லேப்டாப் ஒன்றே யூபிஎஸ் கூடிய சர்வர். ரவுட்டருக்குச் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் பெட்டி போதும், ஆனால் வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக ரவுட்டரில் மாட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி 14.6 வோல்ட் வரை போகும், இடையில் 12-இல் நிறுத்தும் பக்-பூஸ்ட் மாட்யூல் வேண்டும். கோப்புகளைப் பரிமாறும் நிரலை கோ மொழியிலேயே எழுதினோம். ஹெச்டிடிபி பொதியின் ஃபைல்சர்வர் செயற்கூறும் லிசன்அண்ட்சர்வ் செயற்கூறும் சேர்ந்து மொத்தம் பத்து வரிக்குள் முடிகிறது, மாணவர்கள் அதையே பிரித்துப் படிக்கிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் முதல் ஓட்டத்தில் கேட்கும்போது தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

மோல்மேன், பெகு பக்கம் கேட்பவர்களுக்கு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றை பஸ் பார்சலில் அனுப்பினால் போதும். எக்ஸ்ஃபேட்டாக வடிவமையுங்கள், விண்டோஸும் லினக்ஸும் இரண்டுமே படிக்கும். அதில் விண்டோஸ் 64 பிட், விண்டோஸ் 32 பிட், லினக்ஸ் 64 பிட் ஆகிய மூன்று நிறுவல் கோப்புகளும், விண்டோஸ் 7 காரருக்காக 1.20.14-இன் இரண்டு கோப்புகளும், ஷா256 எண்கள் உள்ள ஓர் உரைக்கோப்பும் இருக்கட்டும். நிறுவும் முறையைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு உடன் வையுங்கள், அதில் மட்டும் கட்டளைகள் ஆங்கில எழுத்தில். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதுப் பதிப்பு வந்தால் உடனே மாற்றாமல், முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை பொறுத்து, கோ நிறுவல் கோப்புகளையும் டூர், கோபிஎல்எஸ் இரண்டையும் மட்டும் மாற்றி அனுப்புகிறோம். பயிற்சிகள் பழையபடியே இருக்கும்.